எந்த இடம் பொய் என்று கேட்டேன்

தியேட்டர் வாசலில் மைக் நீட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக, சிரிப்பாக நாலு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். சிரிப்புக்கு என்னிடம் பஞ்சமில்லை. இடைவேளை வரைக்கும் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு, வெளியே வந்து 'செம விறுவிறுப்பு' என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவரைத் தெரியும். தயாரிப்பாளரின் மச்சான் மூன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து மூன்று முறை கருத்துச் சொன்ன கதையும் உண்டு. அதையெல்லாம் டீ குடிக்கும்போது கேளுங்கள், சொல்கிறேன். எழுதி வைக்க வேண்டியதென்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். அதில் சிரிப்பு இல்லை.

வில்லியனூரில் ஒரு சின்னக் கேபிள் சேனலில் காதுகுத்து வாழ்த்தும் தேர்த்திருவிழாச் செய்தியும் படித்துக்கொண்டிருந்தவள் நான். சேனல் யூடியூபுக்கு மாறியபோது நானும் கூடவே மாறினேன். வெள்ளிக்கிழமை முதல் காட்சி விட்டுக் கூட்டம் வெளியே வரும்போது ரசிகர் கருத்து வாங்குவது என் பங்கு. மற்றவர்கள் எல்லாம் 'படம் எப்படி இருக்கு?' என்று கேட்பார்கள். ஜனங்களும் 'சூப்பர்', 'மொக்க' என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டு பைக்கை எடுக்கப் போய்விடுவார்கள். நான் கேட்பது வேறு. "படத்துல எந்த இடம் பொய்யா இருந்திச்சி?"

இந்தக் கேள்விக்கு நிற்காத ஆளே கிடையாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழில் வாயில் வந்து நிற்கும். பாகூர்க்காரர் ஒருவர் கதாநாயகன் நடவு வயலில் நின்ற தினுசைப் பார்த்து, "இவன் பொறந்ததுலேர்ந்து சேத்துல கால வெச்சதில்லபா" என்றார். ஒரு நர்ஸம்மா குளுக்கோஸ் ஏற்றிய கையைப் பற்றிக் கால் மணி நேரம் திட்டினார். எனக்கு அந்தக் கேள்வியின் மேல் அவ்வளவு கர்வம். மற்ற சேனல்காரர்கள் அதைத் திருடியபோது கூடக் கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் படம் வந்தது ஒரு மாசி மாதம். பெரிய கம்பெனிப் படமில்லை. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து நம் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களிலேயே எடுத்தது. சாராயக்கடை ஏலத்தில் தொடங்கி ஏழு கொலையில் முடிகிற கதை. நடித்தவர்களில் பாதிப் பேர் இங்கிருக்கும் ஊர்க்காரர்கள். அதனாலேயே பகல் காட்சிக்கு நல்ல கூட்டம். ரத்தத்தைக் காட்டுவதில் அந்த டைரக்டர் தம்பி கஞ்சத்தனம் பார்க்கவே இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது கொலையிலேயே எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. நல்ல படம்தான். அதை இன்றைக்கும் சொல்வேன்.

வெளியே வந்தவர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். காலேஜ் பையன்கள், "தரமான சம்பவங்கா! ஒரு வெட்டுகூட கட் பண்ணாம காட்டிக்கிறான்" என்றார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இடைவேளையிலேயே வெளியேறிய ஒருவர், "இன்னா படம் இது? ஊருக்குள்ள நடக்கறது பத்தலன்னு இங்க வேற வந்து பாக்கணுமா?" என்று என் மேல் பாய்ந்தார், ஏதோ நான்தான் எடுத்த மாதிரி. கரும்பு வெட்டும் பெரியவர் ஒருவர் கத்தியைப் பற்றித்தான் பேசினார். "அந்தக் கத்தில கரும்பே வெட்ட முடியாது. ஆள வெட்டறானாம்" என்று காறித் துப்பினார். எல்லாம் நல்ல பைட்டுகள், வெட்டி ஒட்டத் தோதான பேச்சுத் துண்டுகள். நான் குஷியாக இருந்தேன்.

அப்போதுதான் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்யும் ஐந்தாறு பெண்கள் கும்பலாக வந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் மகன் படத்தில் பிணமாக நடித்திருந்தான். மகன் மூச்சு விட்டது தெரிந்ததா இல்லையா என்று அவர்களுக்குள் ஒரே சண்டை. கடைசியாக நின்ற பெண்ணைப் பிடித்து என் முன்னால் தள்ளினார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயரை மாற்றி அஞ்சலை என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரும் வேண்டாம்.

"நீங்க சொல்லுங்கக்கா, எந்த இடம் பொய்?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சட்டென்று சொன்னார்.

"வெட்டிட்டு ஓடறான் பாரு, அதான் பொய். ஓடமாட்டான். கழண்டு வுழுந்த செருப்பத் தேடிப் போட்டுக்குவான். பக்கத்து வூட்டுல தண்ணி கேப்பான். அண்ணாந்து குடிச்சிட்டு, சொம்பத் திருப்பிக் குடுத்துட்டு, நடந்துதான் போவான்."

கூட வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "செம்ம பாயிண்ட்டுக்கா!" என்று அவர் தோளில் தட்டினேன். அந்தத் தட்டை நினைத்தால் இன்றைக்கும் என் கை கூசுகிறது.

என்னோடு வேலை செய்த கேமராக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பேச்சு குறைவு, எனக்கு மூத்தவர், கல்யாண வீடியோவில் தொடங்கியவர். கேமராவை இறக்கிவிட்டு, "எல்லாரும் சிரிச்சாங்க, அந்தம்மா சிரிக்கல, கவனிச்சியா?" என்று கேட்டார். "கேமராவப் பாத்து பயந்துருப்பாங்கண்ணா" என்றேன். எனக்கு எடிட்டிங்குக்கு ஓட வேண்டிய அவசரம்.

சாயங்காலம் வீடியோ போனது. அஞ்சலையின் பேச்சைத்தான் முதலில் வைத்தேன். தலைப்பும் நானே எழுதினேன்: 'நேர்ல பாத்த மாதிரி சொன்ன அக்கா!' பாராட்டாகத்தான் எழுதினேன். நம் வேலையில் ஒன்றை ஒன்பதாக்கித்தான் தலைப்பு எழுதுவோம். அது ஒன்பதாகவே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நாம் யோசிப்பதில்லை.

மறுநாள் காலை காபியோடு கமெண்டுகளைப் பார்த்தேன். ஜனங்களுக்கு அக்காவைப் பிடித்துப்போயிருந்தது. நம் சேனலில் ஒரு வழக்கம் உண்டு, திட்டாத கமெண்டுக்கெல்லாம் ஒரு இதயம் போட்டுவிட வேண்டும். நான் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் ஒருவன், 'சொம்பு யாரு வூட்டுதுக்கா?' என்று கேட்டுப் பக்கத்தில் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தான். அதற்கும் இதயம் போட்டேன்.

மதியம் அஞ்சலை எங்கள் ஆபீசுக்கு வந்தார். இரண்டு டவுன் பஸ் மாறி வந்திருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அத்த எடுத்துடுமா" என்றார்.

எதை என்று கேட்டேன். என் மேஜையில் இருந்த மைக்கைக் காட்டினார். பிறகு நின்றபடியே சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் தெருமுனையில் ஒரு பையனைப் பட்டப்பகலில் ஒருவன் வெட்டினான். வெட்டியவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நேரே அவர் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டான். கொடுத்தார். போலீஸ் விசாரித்தபோது, அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இவரும் மகளும் மட்டும்தான். மகள் அப்போது பள்ளிக்கூடம். வேறு சாட்சி கிடைக்காமல் வழக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அவன் ஜாமீனில் வந்து அதே தெருவில்தான் இருக்கிறான்.

"இன்னிக்கிக் காலைல வந்தாம்மா. வாசல்ல நின்னுக்கினு, 'தண்ணி கெடைக்குமாக்கா'ன்னு கேட்டான். எடுத்தாந்து குடுத்தன். அதே மாரி அண்ணாந்து குடிச்சான். சொம்பக் குடுத்துட்டுப் போயிட்டான். வேற ஒரு வார்த்த பேசல."

"அப்பறம் ஏங்கா மைக்குல சொன்னீங்க?" என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"எனுக்கே தெரியல. படத்துல அவன் ஓடறப்ப, இல்லயே இல்லயேன்னு உள்ள அடிச்சிக்கினே இருந்துச்சி. மூணு வருசமா எது நெசம் எது பொய்யின்னு எங்கிட்ட யாரும் கேட்டதில்ல. வெளிய வந்தா நீ கேக்கற. வாயி தானா தொறந்துக்கிச்சி."

வீடியோவை அந்த நிமிடமே சேனலிலிருந்து நீக்கினேன். ஆனால் அதற்குள் அந்தத் துண்டு மட்டும் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது நீக்கிவிட்டதே அவனுக்குச் சந்தேகத்தை உறுதியாக்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அஞ்சலையை உள்ளே உட்காரவைத்துவிட்டு வராந்தாவில் கேமராக்காரரிடம் என் யோசனையைச் சொன்னேன். அஞ்சலையையே மறுபடி பேசவைத்து, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இன்னொரு வீடியோ போட்டுவிடலாம்.

"வேணாம்" என்றார் அவர். "எறக்கிட்டல்ல, அதோட வுடு. அசல பத்தரமா வெச்சிக்க. வேற ஒண்ணும் பண்ணாத. வேலில போற ஓணான எடுத்து மடில வுட்டுக்காத."

"காலையில அவன் வாசல்ல வந்து நின்னுருக்கான். சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"சும்மா இருக்கச் சொல்லல. அந்தம்மாவயும் பொண்ணயும் கொஞ்ச நாள் சொந்தக்காரங்க வூட்டுல இருக்கச் சொல்லு. ஒரு வக்கீல்கிட்ட கூட்டிம்போவோம். நாம படம் எடுக்கறவங்க, நமக்குத் தெரிஞ்சது அதான்னு அதயே பண்ணக்கூடாது."

அவர் சொன்னது சரி. அன்றைக்கு எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. என்னால் கெட்டதை நானே நேராக்கிக் காட்ட வேண்டும், அதுவும் உடனே, அதுவும் எனக்குத் தெரிந்த வித்தையாலேயே. மைக் பிடித்தவளுக்கு எல்லா நோய்க்கும் மைக்கே மருந்து.

ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். அஞ்சலை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆபீஸ் சுவரில் அந்தப் படத்தின் போஸ்டரை ஒட்டி, அதன் முன்னால் நிற்கவைத்தோம். "சும்மா பில்டப் குடுத்தங்க. டிவில பாத்ததெல்லாம் சேத்து அடிச்சி வுட்டன். நா இன்னாத்தக் கண்டன்? படம் நல்லாகுது, எல்லாரும் தியேட்டர்ல போயி பாருங்க." கடைசி வரி இயல்பாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது. முதல் டேக்கில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் கண் கலங்கியது. "இன்னும் கொஞ்சம் சிரிங்கக்கா" என்றேன். மூன்றாவதில் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். அதைப் போட்டேன்.

பிறகு முதல் நாள் எடுத்ததை கார்டிலிருந்தும் ஹார்ட் டிஸ்கிலிருந்தும் அழிக்கச் சொன்னேன். போலீசோ அவன் ஆட்களோ வந்து கேட்டால் கொடுப்பதற்கு எதுவும் இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. கேமராக்காரர் செய்ய மாட்டேன் என்றார். நானே உட்கார்ந்து அழித்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

என் வித்தை பலித்தது, அதுதான் கொடுமை. அவன் மறுநாள் அஞ்சலை வாசலில் நின்று, "நல்லாதான் நடிக்கிறக்கா" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அப்புறம் தண்ணீர் கேட்டு வரவில்லை. திங்கட்கிழமை வேறொரு பெண் ஆபீசுக்கு வந்தாள். வெட்டுப்பட்டுச் செத்த பையனின் மனைவி. அவளுக்கும் பெயர் மாற்றி கௌரி என்கிறேன். செல்போனில் அந்த வாட்ஸப் துண்டை வைத்திருந்தாள். "மேடம், இதோட முழு வீடியோ ஒங்ககிட்ட இருக்குதா? எங்க வூட்டுக்காரர வெட்டனவன் செருப்பத் தேடனதும் தண்ணி குடிச்சதும் தெருவுல குசுகுசுன்னு பேசிக்கினதுதான், பேப்பர்ல கூட வர்லயே" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்து, "அது சும்மா தமாஷும்மா, ரெண்டாவது வீடியோ பாக்கலயா?" என்றேன். அவள் செல்போனை மடியில் செருகிக்கொண்டு போனாள்.

நெருக்கடியில் சமயோசிதம் என்றால் என்ன என்பதற்கு உதாரணமாக, ஊர் பேர் சொல்லாமல் இந்தக் கதையை உங்களுக்கு முன்னால் வந்தவர்களிடம் நான் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கை தட்டினார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், அந்தக் கைதட்டலைத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்றரை வருஷம் போனது. கௌரி எப்படியோ விசாரித்து அஞ்சலையைக் கண்டுபிடித்திருக்கிறாள். சாட்சி சொல்லு என்று ஒரு நாளும் கேட்கவில்லையாம். வாரத்துக்கு ஒரு முறை கம்பெனி வாசலில் சாப்பாட்டு நேரத்தில் வந்து பக்கத்தில் குந்துவாள், பேசாமல் எழுந்து போவாள். அஞ்சலையின் மகளுக்கு பெங்களூரில் நர்ஸ் வேலை கிடைத்தது. மகளை ரயிலேற்றிவிட்ட மறுநாள் அஞ்சலை தானாகவே அரசு வக்கீலிடம் போய் நின்றார். அஞ்சலையைச் சாட்சியாகச் சேர்க்க வக்கீல் மனு போட்டார், கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. யாரும் எதிர்பார்க்காத தைரியம் அது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டில் ஏறி, செருப்பிலிருந்து சொம்பு வரைக்கும் வரிசையாகச் சொன்னாராம். அவனை நேராகக் கையைக் காட்டினாராம்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னுடைய இரண்டாவது வீடியோவைக் கொண்டுவந்தார். அதை எடுத்தவள் என்று எனக்குச் சம்மன் வந்தது.

முதல் நாள் ராத்திரி பூரா யோசித்தேன். 'அந்தம்மா தானாகத்தான் சொன்னாங்க' என்றால் எனக்குச் சேதமில்லை, அஞ்சலை பொய் சாட்சி ஆகிவிடுவார். உண்மையைச் சொன்னால் என் பிழைப்பும் பேரும் போகும், ஆனால் அவர் நிமிர்ந்து நிற்பார் என்று நினைத்தேன். போகட்டும் என்று தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவு என்றுகூட அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

அரசு வக்கீல் கேட்டார். நான் சொன்னேன், "அந்த வார்த்தைகள் அவருடையவை அல்ல. பயத்தில் இருந்தவருக்கு நான்தான் எழுதிக்கொடுத்தேன். மூன்று முறை சொல்லவைத்து எடுத்தேன்." கோர்ட்டில் சலசலப்பு. கௌரி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக எழுந்தார். கோபப்படவே இல்லை.

"நீங்க எழுதிக்குடுத்தீங்க, அவங்க அப்படியே நம்பற மாதிரி சொன்னாங்க. சரியா?"

"ஆமா."

"பாத்தவங்க எல்லாரும் நம்பினாங்க?"

"ஆமா."

"அப்ப யாரு எழுதிக்குடுத்தாலும் இந்தம்மா நம்பற மாதிரி சொல்வாங்க. ஒன்றரை வருசமா செத்தவரோட மனைவி வாராவாரம் இவங்களப் போயிப் பாத்துக்கினு இருந்துருக்காங்க. நான் மேல சொல்லல. யாரும் எழுதிக்குடுக்காம இவங்க சொன்னதுன்னு ஒரு முதல் வீடியோ இருந்துச்சாமே, அதோட அசல் எங்க?"

அந்தக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். "அழிச்சிட்டேன்" என்றேன்.

வாட்ஸப் துண்டு எங்கிருந்து வந்ததென்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. நம்பத்தகுந்த சாட்சி இல்லை என்று அவனை விட்டுவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகும் என்பார்கள். நான் இரண்டு முறை பிடித்தேன். இரண்டு முறையும் என் கையில் வந்தது குரங்குதான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் நின்று கேள்வி கேட்டால், பதில் வரும் என்பதற்குத் தயாராக இருங்கள். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காதவரைப் பாருங்கள். தப்பு செய்துவிட்டால் அதை மறைக்க இன்னொன்று எடுக்காதீர்கள், தெரிந்தவர்களிடம் போய்க் கேளுங்கள். எடுத்த அசலை அழிக்காதீர்கள், அது உங்கள் சொத்து இல்லை. இதில் பெரும்பகுதி கேமராக்காரர் எனக்குத் தியேட்டர் வாசலிலும் வராந்தாவிலும் ஐந்து நிமிடத்தில் சொன்னதுதான்.

தீர்ப்பு நாளன்று நானும் போயிருந்தேன். வெளியே மரத்தடியில் அஞ்சலை நின்றிருந்தார். ஊரில் இனி இருக்க முடியாது, மகளிடம் போய்விடப் போவதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அருகில் போய், "அக்கா, நான் உண்மையத்தான் சொன்னேன்" என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னது நெசந்தாம்மா. நானுங்கூட நெசந்தான் சொன்னன். ஆனா சாட்சி சொல்லுன்னு யாரும் வந்து நிக்காதப்ப, யாருக்கோசரமும் இல்லாம, எம் மனசுலேர்ந்து அதுவா வந்தது அந்த ஒரு வாட்டிதான். அத்தப் போயி அழிச்சிட்டியே."